உங்களுக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருப்பது என்ன? புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

இயேசு கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட புதிதில் பெரும்பாலானவர்களின் ஜெபம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "ஆண்டவரே, பெலன் தாரும். சமாதானம் தாரும். விசுவாசத்தைத் தாரும்." கேட்பதில் தப்பே இல்லை. கேளுங்கள் என்று சொன்னவரே அவர்தான். ஆனால் மாதக்கணக்கில் இதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், நம்மையும் அறியாமல் ஓர் எண்ணம் மனதில் வேர்விட்டுவிடுகிறது: என்னிடம் ஒன்றும் இல்லை, மற்ற விசுவாசிகளிடம் இருக்கிற ஏதோ ஒன்று எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இந்த எண்ணத்தோடு நடக்கிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு, ஒரு பிரசங்கியாரிடமிருந்து இன்னொருவரிடத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் பேதுரு என்ன எழுதுகிறார் பாருங்கள். "ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும்" தேவனுடைய வல்லமை நமக்குத் தந்தாயிற்று என்கிறார் (2 பேதுரு 1:3). அப்படியானால் புதிதாக வந்திருக்கிற உங்களுடைய முதல் வேலை, கொடுக்கப்பட்டிருப்பது என்னவென்று உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பதுதான். அதை எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தவரை படிப்படியாக எழுதுகிறேன்.

பவுல் என்ன ஜெபித்தார் என்று பாருங்கள்

எபேசு சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான எபேசியர் நிருபத்தைத் திறந்து, முதல் அதிகாரம் 15 முதல் 19 வரையுள்ள வசனங்களை வாசியுங்கள். இதை எழுதும்போது பவுல் சங்கிலியில் இருக்கிறார். அந்த விசுவாசிகளுக்காக இடைவிடாமல் ஜெபிக்கிறதாகச் சொல்கிறார். அவர்களுக்காக அவர் கேட்பது, அவர்களுடைய மனக்கண்கள் பிரகாசிக்க வேண்டும் என்பதே. எதைக் காண்பதற்காக? தேவன் அழைத்ததினால் உண்டான நம்பிக்கையை, அவருடைய சுதந்தரத்தின் ஐசுவரியத்தை, விசுவாசிக்கிறவர்களிடத்தில் செயல்படுகிற அவருடைய வல்லமையை. மூன்றுமே அவர்களுக்கு உண்டாகிவிட்டவை. இன்னும் சரியாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

எபேசு எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் இந்த ஜெபம் இன்னும் நன்றாகப் புரியும். அங்கே மாயவித்தை ஒரு பெரிய தொழில். வல்லமை வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா, அதற்கென்று மந்திரப் புத்தகங்கள் விலைக்குக் கிடைத்தன. விசுவாசத்துக்கு வந்த பலர் அந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாக எரித்தார்கள். கணக்குப் பார்த்தபோது அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19:19 சொல்கிறது. வல்லமைக்காகப் பணத்தைக் கொட்டிப் பழகிய மனிதர்கள் எல்லாவற்றையும் எரித்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறார்கள். அடுத்து அவர்கள் மனதில் என்ன கேள்வி எழும்? "இனி எங்களுக்கு என்ன இருக்கிறது?" அப்படிப்பட்ட ஒரு ஊரின் சபைக்குத்தான், மரித்தோரிலிருந்து கிறிஸ்துவை எழுப்பின அதே வல்லமை உங்களிடத்தில் செயல்படுகிறது, அதைக் காணுங்கள் என்று பவுல் எழுதுகிறார்.

பழைய ஏற்பாட்டில், ஆபிரகாமின் வீட்டிலிருந்து மகனோடு அனுப்பிவிடப்பட்ட ஆகாரின் கதையையும் இதோடு சேர்த்து வாசித்துவிடுங்கள் (ஆதியாகமம் 21). பெயெர்செபாவின் வனாந்தரம். துருத்தியில் (தோல் பையில்) இருந்த தண்ணீர் தீர்ந்துபோயிற்று. மகனை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மனமில்லாமல், அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து சத்தமிட்டு அழுகிறாள். அப்போது தேவன் அவளுடைய கண்களைத் திறந்தார், அவள் ஒரு துரவை (கிணற்றை) கண்டாள் என்றுதான் வேதம் சொல்கிறது. அந்த இடத்தில் புதிதாக ஒரு துரவு உண்டாயிற்று என்று எழுதப்படவில்லை. அடுத்து அவள் செய்ததையும் விட்டுவிடாதீர்கள். எழுந்து போனாள், துருத்தியை நிரப்பினாள், பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தாள். கண்டதோடு நின்றிருந்தால் பிள்ளையின் தாகம் தீர்ந்திருக்காது.

ஆகவே இனி உங்கள் ஜெபத்தில் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "ஆண்டவரே, நீர் எனக்குத் தந்திருப்பதைக் காண என் கண்களைத் திறந்தருளும்."

எபேசியரை பென்சிலோடு வாசியுங்கள்

எபேசியர் நிருபம் சின்னதுதான். 6 அதிகாரம், 155 வசனம். முதல் நாள் எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். பழைய வேதாகமத் தமிழ் கடினமாக இருந்தால், எளிய தமிழில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

அடுத்த நாளிலிருந்து முதல் மூன்று அதிகாரங்களை மட்டும் எடுங்கள். தேவன் செய்து முடித்துவிட்டார் என்று சொல்லும் இடங்களில் எல்லாம் கோடு போடுங்கள். ஆவிக்குரிய சகல ஆசீர்வாதத்தினாலும் நம்மை ஆசீர்வதித்திருக்கிறார் (1:3). இரத்தத்தினாலே பாவமன்னிப்பு நமக்கு உண்டாயிருக்கிறது (1:7). பரிசுத்த ஆவியால் முத்திரைபோடப்பட்டீர்கள் (1:13). கிறிஸ்துவுடனேகூட உயிர்ப்பித்தார் (2:5). பிதாவினிடத்தில் சேரும் சிலாக்கியத்தைப் பெற்றிருக்கிறோம் (2:18). இனி நீங்கள் அந்நியர் அல்ல, தேவனுடைய வீட்டார் (2:19). இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். பக்கம் முழுக்க கோடாகிவிடும், பரவாயில்லை.

கோடு போடும்போதே இன்னொன்றும் தெரியவரும். இந்த மூன்று அதிகாரங்களிலும் "இதைச் செய், அதைச் செய்யாதே" என்ற கட்டளைகளைக் காண முடியாது. இரண்டாம் அதிகாரத்தில் "நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கட்டளை வருகிறது, அவ்வளவே. பொய் பேசாதீர்கள், கோபத்தோடே சூரியன் அஸ்தமிக்க விடாதீர்கள், மனைவியை நேசியுங்கள், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்பதெல்லாம் நான்காம் அதிகாரத்திலிருந்துதான் வருகிறது. கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் நடக்கச் சொல்கிறார். புதிய விசுவாசிகள் பலர் நான்காம் அதிகாரத்திலிருந்து தொடங்கப் பார்க்கிறார்கள். முதல் மூன்றைத் தாண்டிப் போனால், நல்ல மனிதனாக இருக்க வேண்டும் என்ற பாரம் மட்டும்தான் தோளில் ஏறும்.

ஒரு நோட்டு போடுங்கள்

கோடு போட்ட வசனங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். இடது பக்கத்தில், உங்களுக்கு என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரே வரி. வலது பக்கத்தில், உங்கள் வாழ்க்கையில் எந்த இடத்துக்கு அது வேண்டும் என்று ஒரு வரி. இந்த வலது பக்கம்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் நோட்டு வெறும் வசனப் பட்டியலாக முடிந்துவிடும்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். இடது பக்கத்தில்: "எனக்கு மன்னிப்பு உண்டு. கொஞ்சமாக அல்ல, அவருடைய கிருபை எவ்வளவு பெரியதோ அவ்வளவு (1:7)." அதற்கு நேராக வலது பக்கத்தில்: "அப்பாவோடு பேசாமல் இருந்துவிட்டேன். சமாதானம் ஆகும் முன்பே அவர் போய்விட்டார். அதை நினைத்து இன்றைக்கும் என்னை நானே தண்டித்துக்கொண்டிருக்கிறேன்." அடுத்த வரி, இடது பக்கம்: "பிதாவிடம் நேராகப் போகலாம் (2:18)." வலது பக்கம்: "எனக்காக ஜெபிக்க யாரையாவது தேடிக்கொண்டே இருக்கிறேன். நானே ஜெபித்தால் கேட்பாரா என்று சந்தேகம்."

இப்படி எழுதும்போது கை தயங்கும். தயங்குகிற இடத்தில்தான் அந்த வசனத்துக்கு வேலை இருக்கிறது. வலது பக்கத்தில் எழுத எதுவும் தோன்றாத வசனங்களும் இருக்கும். அவற்றை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள். வாழ்க்கை போகப்போக அந்த இடமும் நிரம்பும்.

ஒரு நாளைக்கு ஒரு வசனத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். எழுதியதை வாசித்து, நன்றி சொல்லி ஜெபியுங்கள். "மன்னிப்பு தாரும்" என்று கேட்டுப் பழகிய நாவுக்கு, "மன்னித்ததற்காக ஸ்தோத்திரம்" என்று சொல்வது முதலில் துணிச்சலாகத் தோன்றும். ஆனால் எபிரெயர் 4:16 தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரச் சொல்கிறது. அந்தத் தைரியமும் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான்.

தேவைப்படும் நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துங்கள்

நோட்டு அலமாரியில் இருந்து பிரயோஜனம் இல்லை. ஒரு சாதாரண ராத்திரியை நினைத்துப்பாருங்கள். வேலை முடிந்து எரிச்சலோடு வீட்டுக்கு வந்தீர்கள். பிள்ளை எதையோ கேட்க, கத்திவிட்டீர்கள். பிள்ளை முகம் சுருங்கிப் போய்ப் படுத்துவிட்டது. இப்போது மணி பதினொன்று. தூக்கம் வரவில்லை. உள்ளே ஒரு குரல் பேசுகிறது: "நீ எல்லாம் ஒரு கிறிஸ்தவனா? ஞானஸ்நானம் எடுத்து என்ன பிரயோஜனம்? நீ மாறவே மாட்டாய்."

முதலில் அந்தக் குரல் யாருடையது என்று பாருங்கள். பரிசுத்த ஆவியானவர் கண்டித்து உணர்த்தும்போது குறிப்பாகப் பேசுவார்: இன்றைக்குப் பிள்ளையிடம் கத்தினாய். அதோடு கிறிஸ்துவண்டை போக வழியும் காட்டுவார். குற்றஞ்சாட்டுகிறவனின் குரல் ஒரு செயலோடு நிற்காது. "நீயே தப்பானவன்" என்று மொத்தமாகப் பேசும், போக வழியும் காட்டாது. சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சுமத்துகிறவன் ஒருவன் உண்டு என்று வெளிப்படுத்தின விசேஷம் 12:10 சொல்கிறது. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளப் பழகினால் பாதிப் போராட்டம் முடிந்த மாதிரி.

அப்புறம், எழுந்து உட்காருங்கள். செய்ததை அதன் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஆண்டவரே, எரிச்சலைப் பிள்ளைமேல் காட்டினேன். அது பாவம்." சாக்குப்போக்கு வேண்டாம், சுற்றி வளைக்கவும் வேண்டாம். பிறகு 1 யோவான் 1:9ஐ வாய்விட்டு வாசியுங்கள். அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." நீதி என்ற வார்த்தை அங்கே இருப்பது பெரிய ஆறுதல். கிறிஸ்து விலை செலுத்தித் தீர்த்ததினால் மன்னிப்பது தேவனுடைய நீதிக்கே ஒத்தது. அவருடைய மனநிலையைப் பொறுத்து இன்றைக்குக் கிடைத்து நாளைக்குக் கிடைக்காமல் போகிற மன்னிப்பு இல்லை அது.

நன்றி சொல்லிவிட்டுப் படுங்கள். காலையில் பிள்ளை எழுந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "நேற்று நான் கத்தினது தப்பு, என்னை மன்னிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். இதைச் செய்யும்போதுதான் மன்னிப்பு உங்களிடம் உண்மையிலேயே இருக்கிறது என்று தெரியவரும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாதவர்களால்தான் இப்படி மன்னிப்புக் கேட்க முடியும்.

வசனத்தை மனப்பாடமாக வைத்திருப்பதன் அருமையும் இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும். வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது இயேசு மூன்று முறையும் எழுதியிருக்கிறதைச் சொல்லித்தான் எதிர்த்து நின்றார். மூன்றும் உபாகமத்தின் வசனங்கள். நாற்பது நாள் பட்டினி கிடந்த நிலையில், உள்ளே இருந்ததை எடுத்துப் பேசினார். வாரத்துக்கு ஒரு வசனம் போதும். ஆனால் தளர்ந்துபோன நேரத்திலும் தடங்கலில்லாமல் வாயில் வரும்வரை சொல்லிப் பழகுங்கள்.

ஆவியானவர் உங்களில் இருக்கிறார்

கொரிந்து சபையில் எத்தனை குழப்பம்! பிரிவினை, வழக்கு, ஒழுக்கக்கேடு. அவர்களுக்குப் பவுல் எழுதும்போது, "உங்கள் சரீரமானது பரிசுத்த ஆவியினுடைய ஆலயம், அறியீர்களா?" என்று கேட்கிறார் (1 கொரிந்தியர் 6:19). அந்த ஒரே அதிகாரத்தில் "அறியீர்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போகிறார். அவர்களுக்குள் ஆவியானவர் வாசமாயிருந்தார். ஆனால் அதை அறிந்தவர்களைப் போல அவர்கள் வாழவில்லை. அதுதான் அவருடைய வருத்தம்.

ஆவியானவர் இருக்கிறார் என்பதைப் பெரிய உணர்ச்சிகளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று நினைக்க வேண்டாம். தேவனை "அப்பா" என்று கூப்பிடத் தோன்றுகிறதா? முன்பு சாதாரணமாகச் செய்த ஒரு பாவம் இப்போது மனதை உறுத்துகிறதா? நேற்றுவரை புரியாத ஒரு வேதப்பகுதி இன்று உங்களோடு பேசுகிறதா? ஜெபிக்க வார்த்தையே வராமல் ஒரு பெருமூச்சு மட்டும் வருகிறதா? அந்தப் பெருமூச்சைப் பற்றிக்கூட ரோமர் 8:26 பேசுகிறது. எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாத நேரத்தில் ஆவியானவர்தாமே நமக்காக வேண்டுதல் செய்கிறார். அதே அதிகாரம் 34ஆம் வசனத்தில், தேவனுடைய வலதுபாரிசத்தில் கிறிஸ்துவும் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று வாசிக்கிறோம். உங்களால் ஜெபிக்க முடியாத நாளிலும் உங்களுக்கான ஜெபம் நின்றுபோவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

ஆவியின் நிறைவு, அந்நியபாஷை போன்ற விஷயங்களில் சபைக்குச் சபை போதனை வேறுபடும். உங்கள் போதகரிடம் கேட்டு, வேதத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். ஆனால் எந்தச் சபையில் இருந்தாலும் ரோமர் 8:9ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்துவின் ஆவி இல்லாதவன் அவருடையவன் அல்ல. நீங்கள் அவருடையவர் என்றால் அவருடைய ஆவியும் உங்களில் உண்டு.

உங்களைச் சுற்றி இருக்கிற மனிதர்கள்

ஆவிக்குரிய ஆசீர்வாதம் என்றதும் நாம் மனிதர்களை மறந்துவிடுகிறோம். மக்கெதோனியாவில் பவுல் சோர்ந்துபோய் இருந்தார். வெளியே போராட்டங்கள், உள்ளே பயங்கள் என்று அவரே எழுதுகிறார். அப்போது தேவன் அவரை எப்படி ஆறுதல்படுத்தினார்? தீத்து வந்ததினாலே (2 கொரிந்தியர் 7:6). ஒரு தரிசனமும் இல்லை, தேவதூதனும் இல்லை. ஒரு நண்பர் வந்து சேர்ந்தார்.

தம்முடைய கடைசி நாட்களில் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "வருகிறபோது துரோவாவில் கார்ப்பு வீட்டில் வைத்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு" என்ற பொருளில் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4). கிறிஸ்துவுக்குள் எல்லாம் உண்டு என்று போதித்த அதே மனிதர் குளிருக்கு ஒரு மேலங்கியைக் கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வசனங்களில் இது ஒன்று. கிறிஸ்து போதும் என்பதற்கு, யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை.

அதனால் உங்கள் சபையில் விசுவாசத்தில் மூத்த ஒருவரைப் பாருங்கள். மேடையில் பேசுகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கஷ்டத்தைக் கடந்து வந்தும் கசப்பில்லாமல் இருக்கிற ஓர் அம்மா, அல்லது பேச்சு குறைவாக இருந்தாலும் சொன்ன வார்த்தை தவறாத ஓர் ஐயா. அவரிடம் போய், "வாரத்துக்கு ஒருமுறை என்னோடு உட்கார்ந்து ஜெபிப்பீர்களா?" என்று கேளுங்கள். மறுக்கிறவர்கள் குறைவு. உங்கள் நோட்டின் வலது பக்கத்தில் இருப்பதில் ஒன்றை, பகிர முடிகிற ஒன்றை, அவரிடம் சொல்லுங்கள். உடம்போ மனமோ நோய்ப்பட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். பவுலின் கூடவே வைத்தியனாகிய லூக்கா இருந்தார். வயிற்றுக் கோளாறுக்கு என்ன செய்வது என்று தீமோத்தேயுவுக்கு ஆலோசனையும் பவுல் எழுதியிருக்கிறார்.

உங்கள் வரம் எது?

ஒவ்வொரு விசுவாசியும் ஏதோ ஒரு வரத்தைப் பெற்றிருக்கிறார் என்றுதான் 1 பேதுரு 4:10 பேசுகிறது. அதைக் கண்டுபிடிக்க நீண்ட கேள்வித்தாள்களை நிரப்புகிற வழக்கம் உண்டு. என் அபிப்பிராயத்தில் வேலை செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ரோமர் 12:6-8ஐ வாசியுங்கள். தீர்க்கதரிசனம், ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், நடத்துதல், இரக்கம். இதில் பாதிக்கு மேல் ஒலிபெருக்கி தேவைப்படாத வேலைகள். 1 கொரிந்தியர் 12:28இல் அற்புதங்களும் குணமாக்கும் வரங்களும் வருகிற அதே வரிசையில் "உபகாரங்கள்" என்றும் இருக்கிறது. நாற்காலி எடுத்துப் போடுகிறவர்கள் இந்த வசனத்தைச் சந்தோஷமாக வாசிக்கலாம்.

சபையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு தேவையை எடுத்துச் சில மாதம் செய்யுங்கள். வியாதியஸ்தரைப் போய்ப் பார்ப்பது, ஓய்வுநாள் பள்ளியில் உதவுவது, கணக்கு எழுதுவது, எதுவானாலும் சரி. எதைச் செய்யும்போது மற்றவர்கள் கட்டியெழுப்பப்படுகிறார்கள் என்று கவனியுங்கள். "நீங்கள் வந்து பேசியது ஆறுதலாக இருந்தது" என்று இரண்டு மூன்று பேர் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவருடைய வரத்தைப் பார்த்து ஏங்கினால் அந்த நாள் வீணாகப் போகும், அவ்வளவுதான் சொல்வேன். இன்னொரு எச்சரிக்கை: கொரிந்து சபை எந்த வரத்திலும் குறைவில்லாத சபை (1 கொரிந்தியர் 1:7). அதே சபையைத்தான் பவுல் "குழந்தைகள்" என்கிறார் (3:1). வரம் இருப்பது முதிர்ச்சிக்கு அடையாளம் ஆகாது.

யாராவது விலை பேசினால் நகர்ந்துவிடுங்கள்

புதியவர்களைத் தேடி வருகிறவர்கள் உண்டு. "உனக்கு இரட்சிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் விசேஷித்த அபிஷேகம் இன்னும் இல்லை. இந்தக் காணிக்கை கொடு, இந்த எண்ணெயை வாங்கு, எங்களுடைய முகாமுக்கு வா." சமாரியாவில் சீமோன் என்பவன் ஆவியின் வரத்துக்காகப் பணத்தை நீட்டியபோது பேதுரு கொடுத்த பதிலை அப்போஸ்தலர் 8:20இல் வாசியுங்கள். அவ்வளவு கடுமையான வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது அரிது.

கொலோசெ சபைக்கும் இதே தொந்தரவு வேறு உருவத்தில் வந்தது. கிறிஸ்துவோடு தேவதூதர் ஆராதனையும் வேண்டும், தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே என்ற கட்டளைகளும் வேண்டும் என்று சிலர் போதித்தார்கள். பவுலின் பதில் கொலோசெயர் 2:10இல் இருக்கிறது: அவருக்குள் நீங்கள் பரிபூரணமுள்ளவர்கள். யார் எதைக் கூட்டிக் கொடுக்க வந்தாலும் இந்த வசனத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆவிக்குரிய சகல ஆசீர்வாதம் என்பதை வீடு, கார், பதவி என்று திரித்துச் சொல்கிறவர்களிடமும் இதே கவனம் வேண்டும். இதையெல்லாம் எழுதின பவுல் பசியையும் குளிரையும் நிர்வாணத்தையும் அனுபவித்தவர் (2 கொரிந்தியர் 11:27). மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. வேண்டுதல் நிறைவேறாமல் போகும்போது உங்களுக்குத் தந்ததை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

தந்துவிட்டார் என்றால் சும்மா இருக்கலாமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முதலில் சொன்ன 2 பேதுரு 1ஐத் தொடர்ந்து வாசியுங்கள். மூன்றாம் வசனத்தில் யாவற்றையும் தந்தார் என்கிறவர், ஐந்தாம் வசனத்தில் அதிக ஜாக்கிரதையாயிருக்கச் சொல்கிறார். விசுவாசத்தோடே தைரியம், அதோடு ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு என்று ஒவ்வொன்றாகக் கூட்டச் சொல்கிறார். வேண்டியது எல்லாம் இருப்பதால்தான் முயற்சி செய்யச் சொல்ல முடிகிறது.

ஒன்பதாம் வசனத்தையும் கவனியுங்கள். இவை இல்லாதவன் ஏன் அப்படி இருக்கிறான்? முன்செய்த பாவங்களறத் தான் சுத்திகரிக்கப்பட்டதை மறந்துபோனான் என்கிறார். வளர்ச்சி நின்றுபோன இடத்தில் பேதுரு முதலில் பார்ப்பது ஞாபகத்தைத்தான். அதனால் நீங்கள் ஒரு பழைய பழக்கத்தோடு மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருந்தால், இன்னும் கடினமான தீர்மானம் எடுப்பதற்கு முன்னால் நோட்டின் இடது பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். பிறகு தீர்மானம் எடுங்கள். திருவிருந்தில் பங்குபெறும்போதும் இதே மனதோடு போங்கள். "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது, நாம் மறக்கிறவர்கள் என்று அவருக்குத் தெரியும் என்பதால்தானோ என்று எனக்குத் தோன்றும்.

எபேசியர் முடிந்ததும் கொலோசெயரை எடுங்கள், 4 அதிகாரம்தான். அதற்குப் பிறகு ரோமர் 8. அதன் 39 வசனங்களையும் அவசரப்படாமல், ஒரு நாளைக்கு ஒரு வசனம் வீதம், நோட்டின் இரண்டு பக்கங்களிலும் எழுதிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி போட்டு வையுங்கள். வலது பக்கத்தில் எழுதினவற்றில் எது மாறியிருக்கிறது என்று, கூட ஜெபிக்கிற அந்த அம்மாவோடோ ஐயாவோடோ உட்கார்ந்து அவ்வப்போது புரட்டிப் பாருங்கள்.